முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கடப்பாரையோடு போங்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் ஞாயிற்றுக்கிழமை வரும் மனை விளம்பரப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவன் நான். போன வாரம் எங்கள் வட்டாரத்து நிலங்களுக்கான விளம்பரம் மட்டும் பதினொன்று எண்ணினேன். 'நெடுஞ்சாலையிலிருந்து ஐந்தே நிமிடம்', 'இயற்கையான கிராமச் சூழல்', 'உடனே வீடு கட்டலாம்' என்றெல்லாம் இருந்தது. பதினொன்றில் ஒன்றில்கூட சர்வே எண் இல்லை. நன்செயா புன்செயா என்று இல்லை. சிலவற்றில் எந்தக் கிராமம் என்பதே இல்லை, ஒரு செல்போன் எண் மட்டும்தான். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி சுற்றுவட்டாரத்தில் 34 வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். முதல் சில வருடம் கையாள், அப்புறம் கரண்டி பிடித்தேன், இப்போது எட்டுப் பேரை வைத்து வேலை எடுத்துச் செய்கிறேன். இத்தனை வருடத்தில், நிலம் வாங்குவதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவர்கள் நாலு பேர்தான். மற்ற எல்லாரும் பத்திரம் முடித்து, பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். அப்போது நான் உண்மையைச் சொன்னால் அவர்கள் முகம் சுண்டிப்போகிறது. சொல்லாமல் வேலையைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை.

போன பங்குனியில் நடந்ததைச் சொல்கிறேன். சென்னையில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரும் அவர் மனைவியும் 7 சென்ட் வாங்கியிருந்தார்கள். ரோட்டை ஒட்டிய இடம். பார்த்தால் செக்கச்செவேலென்று நல்ல செவல் நிலம் மாதிரித்தான் இருந்தது. "எப்படி இருக்கு கொத்தனாரே, மண்ணு?" என்று பெருமையாகத்தான் கேட்டார். நான் கடப்பாரையைப் போட்டேன். முதல் ஒரு அடிக்கு 'டங்' என்று நின்றது. அதைத் தாண்டியதும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தால் நுனியெல்லாம் கறுப்பு. விற்றவர் ஒரு அடி உயரத்துக்குக் கிராவல் கொட்டி ரோலர் விட்டு நிரவியிருக்கிறார். மேலே செவல், கீழே அசல் கரிசல். ஜேசிபியை வைத்து மூலையில் ஒரு குழி எடுத்தோம். ஒன்பது அடி போயும் கரிசல் தீரவில்லை, கீழே கெட்டியாக இருக்கும் சுக்கான் என்கிற சுண்ணாம்புப் படிவம் தட்டுப்படவே இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கரிசல் மண் கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். சித்திரையில் அந்த வெடிப்பில் முழங்கை வரைக்கும் கையை விடலாம். ஐப்பசியில் மழை விழுந்ததும் தண்ணீரைக் குடித்து உப்பிப் பெருக்கும். பருத்திக்கும் உளுந்துக்கும் இதைவிட நல்ல மண் கிடையாது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை வீட்டைத் தூக்கி இறக்கும். மூன்றடி ஆழத்துக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டிக் கருங்கல் கட்டி எழுப்பிய வீட்டில் இரண்டாவது மழையிலேயே ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கதவு நிலையில் இடிக்கும், பூட்டு விழாது. பூச்சை உடைத்துவிட்டுத் திரும்பப் பூசினாலும் அடுத்த வருடம் அதே இடத்தில் விரியும். நானே அப்படிப் பூசிப் பூசிக் கொடுத்த வீடுகள் உண்டு.

கரிசல் நாலைந்து அடியோடு முடிந்து சுக்கான் வந்துவிட்டால் கவலை இல்லை, அதுவரை தோண்டி அதன்மேல் உட்கார வைத்துவிடலாம். ஆழமான கரிசல் என்றால் பைல்தான் போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு அடிக்குத் துளை போட்டு, அடிப்பக்கத்தைக் குடம் மாதிரி அகலப்படுத்தி, கம்பிக்கூடு இறக்கிக் கான்கிரீட் போட்டு, மேலே எல்லாவற்றையும் பெல்ட்டால் இணைப்பது. ரூர்க்கியில் இருக்கிற மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்தக் கரிசல் மண்ணை மனதில் வைத்தே உருவாக்கிய முறை இது. நல்ல முறைதான், ஆனால் காசு. அந்த டிரைவர் அண்ணாச்சிக்கு அஸ்திவாரத்துக்கு மட்டும் கணக்கில் இல்லாத 2,75,000 ரூபாய் கூடிப்போனது. ஓய்வுக்காலப் பணத்தில் அளந்து வைத்திருந்த தொகை அது. கடைசியில் பின்பக்க அறையையும் மாடிப்படியையும் விட்டுவிட்டார்கள். அந்த அம்மா அறையின் அளவைத் தரையில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு வைத்திருந்தார். பேரப் பிள்ளைகள் வந்தால் படுக்க என்று நினைத்த அறை. அந்தக் கோட்டை நான்தான் அழித்தேன். 

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள ஒரு ஜேசிபிக்கு ஒரு மணி நேர வாடகை போதும். விற்கிறவர் சம்மதித்தால் இரண்டு மூலையிலும் நடுவிலும் குழி எடுத்துப் பாருங்கள். சம்மதிக்கவில்லை என்றால் அதுவே ஒரு பதில்தான். இன்னொரு சோதனையும் இருக்கிறது. மண்ணைக் காயவைத்துப் பொடித்துச் சலித்து, அளவு போட்ட இரண்டு கண்ணாடிக் குழாயில் சம அளவு போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் இருக்கிற மண் அப்படியே இருக்கும், தண்ணீரில் இருக்கிறது எவ்வளவு உப்பியிருக்கிறதோ அவ்வளவு வில்லங்கம். பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகச் செய்து தருகிறார்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுங்கள் என்று நான் சொல்வேன். கரிசல் என்பதற்காக நிலத்தை வேண்டாம் என்று ஒதுக்கச் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் கரிசல்காட்டில்தான் குடியிருக்கிறோம். அஸ்திவாரச் செலவையும் நிலத்தின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கிராவல் அள்ளிய பள்ளத்தை மூடி விற்கிறதும் நடக்கிறது. அது கரிசலைவிட மோசம். இடித்த கட்டடத்துச் சல்லி, பிளாஸ்டிக், குப்பை எல்லாம் போட்டு மேலே மண் நிரவியிருப்பார்கள். அது எத்தனை வருடம் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் பக்கத்திலும் கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. நான் ஐந்து வருடம் முன்பு கட்டிக்கொடுத்த ஒரு வீட்டில் தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. அந்த வீட்டுக்காரருடைய பட்டா சரியானது, அவர் எந்தப் புறம்போக்கையும் ஆக்கிரமிக்கவில்லை. ஆனால் அந்த நிலம், கண்மாய் நிறைந்தால் மிஞ்சிய தண்ணீர் வெளியேறுகிற மறுகாலுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த மழைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கண்மாய் பெருகி மறுகால் பாயவில்லை. மறுகால் ஓடை முழுக்கச் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. வாங்கியவருக்கு அது ஓடை என்றே தெரியாது, முள்ளுக்காடு என்று நினைத்திருக்கிறார். வீடு கட்டும்போது அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "ஏய்யா, தண்ணி போற தடத்துல கட்டுறீகளே" என்றார். நான் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "இப்பல்லாம் எங்க அண்ணாச்சி மழை பெய்யுது" என்றார். நானும் பேஸ்மட்டத்தை இரண்டடி கூட்டிப் போட்டதோடு விட்டுவிட்டேன். இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று அந்த டிசம்பருக்குப் பிறகு பல நாள் நினைத்திருக்கிறேன்.

அதனால் நிலம் பார்க்கப் போகிறவர்கள் தை, மாசியில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அந்தச் சமயத்தில் எல்லா நிலமும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை பாருங்கள், சித்திரை வெயிலில் ஒரு தடவை பாருங்கள். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது என்றால், கோரைப்புல் முளைத்திருக்கிறதா என்றாவது பாருங்கள். கோரை இருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம். பக்கத்தில் மின்கம்பத்திலோ பழைய சுவரிலோ சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய அடங்கலைக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய்க் கணக்கு வருடத்தில், என்ன பயிர் என்று அதில் இருக்கும். கண்மாய்க்குக் கீழே நெல் என்று எழுதியிருந்தால் அது தண்ணீர் நின்று விளைந்த நிலம். நம் முன்னோர்கள் ஊர் நத்தத்தை எங்கே வைத்தார்கள் என்று கவனித்தால் எங்கள் பக்கம் பெரும்பாலும் மேட்டில்தான் இருக்கும். பள்ளத்தைப் பயிருக்கு விட்டு மேட்டில் குடியிருந்தார்கள். இன்றைக்கு நாம் ரோடு எங்கே போகிறது என்று மட்டும்தான் பார்க்கிறோம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் காட்டில் ஆடு மேய்க்கிறவர்களிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். தரகருக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும், அவர்களுக்குக் கமிஷனும் கிடையாது.

குடிக்கிற தண்ணீரைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. எங்கள் பக்கம் போர் போட்டால் உப்புத்தான் வரும் என்பது ஊரறிந்த செய்தி. பக்கத்து போர் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஒன்றை மட்டும் கொத்தனாராகச் சொல்ல வேண்டும். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் கம்பி துருப்பிடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. எங்கள் ஊரில் பல போர்களில் அது தாண்டும். அப்படியென்றால் வீடு முடியும்வரை லாரித் தண்ணீர்தான். அந்தச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி என் சொந்தக் கதை. மண்ணைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் 2009-ல் எனக்கென்று 10 சென்ட் வாங்கினேன், சென்ட் 10,000 ரூபாய். மூன்றடியில் சுக்கான் வந்தது, மேடான இடம், வேம்பு இரண்டு நின்றது. பத்திரத்தில் 'மாமூல் வண்டிப்பாதை வழியாகப் போய்வரும் பாத்தியமும்' என்று எழுதியிருந்தது. பாதையும் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ரோட்டிலிருந்து 45 மீட்டர், மாட்டு வண்டி போய்ப் போய்த் தடம் விழுந்த பாதை. நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுகிற அரசு வரைபடமான புலப்படத்தை நான் வாங்கிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்தப் பாதை அதில் இல்லை என்று தெரிந்திருக்கும். அது முழுக்க என் இடத்துக்கு முன்பக்கத்து நிலக்காரருடைய பட்டா நிலம். அவர் நல்ல மனிதர், போகவர விட்டார். 2011-ல் அவர் விற்றுவிட்டார். வாங்கியவர் கல்லுக்கால் ஊன்றிக் கம்பிவேலி போட்டார். என் வீடு அப்போது கதவு ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்தில் நின்றது.

அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. காசு கொடுத்து வாங்கியவர், அவர் பட்டாவில் வேலி போட்டார். வக்கீல் 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தைச் சொன்னார். 20 வருடம் தடையில்லாமல் அந்த வழியாகப் போய்வந்தோம் என்று நிரூபிக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்றால் அதற்குத் தனிப் பிரிவு என்றார். யார் வந்து சாட்சி சொல்வது? வழக்கு மூன்று வருடம் நடந்தது. அதுவரை வீட்டைச் சும்மா போட முடியாது என்று கண்மாய்க்கரையில் செங்கல்லை இறக்கி, வரப்பு வழியாக முந்நூறு மீட்டர் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். சித்தாள் கூலி கொடுக்க முடியாமல் என் வீட்டுக்காரிதான் சுமந்தாள். ஒரு தடவைக்கு எட்டுக் கல். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகளும் நாலு நாலு கல்லாக எடுத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வருவாள். கடைசியில் வழக்கை விட்டுவிட்டுப் பேசி முடித்தோம். பத்தடி அகலத்துக்கு மூன்றரை சென்ட், 2,10,000 ரூபாய். நான் வீட்டு நிலத்துக்குக் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். என் வீட்டுக்காரிக்குக் கழுத்து வலி இன்றைக்கும் இருக்கிறது.

பாதை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதாது. அது புலப்படத்தில் இருக்கிறதா, எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று எழுதியிருக்கிற கிராமக் கணக்கான 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதை என்றோ பாதைப் புறம்போக்கு என்றோ இருக்கிறதா, இல்லை யாருடைய பட்டாவிலாவது வருகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டா, புலப்படம், 'அ' பதிவேடு எல்லாமே இப்போது அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையச் சேவையில் செல்போனிலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் இந்த நாலும் தெரிந்தால் போதும். அந்த நாலாவதைத்தான் விளம்பரத்தில் மறைக்கிறார்கள்.

அளவிலும் கவனம் வேண்டும். தரகர் சென்ட்டில் பேசுவார், பட்டாவில் ஹெக்டேர் ஏரில் இருக்கும், புலப்படத்தில் மீட்டரில் இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2.47 சென்ட். சில வருடம் முன்பு ஒருவர் 7 சென்ட் என்று வாங்கியிருந்தார். பட்டாவில் 2.50 ஏர் என்று இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 6.18 சென்ட்தான். குறைந்தது ஏறத்தாழ 357 சதுர அடி. கிராமத்தில் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும் சேர்ந்த அளவு அது. பெருக்கல் தெரியாதவர் இல்லை அவர், யாரும் பெருக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. 

கூட்டுப் பட்டாவில் ஒரு பங்கை வாங்குவதானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அண்ணன் கீழ்புறம் என் பாகம் என்று விற்பார், தம்பி அதுதான் என் பாகம் என்று வந்து நிற்பார். உட்பிரிவு செய்து தனிப் பட்டா ஆன பிறகு வாங்குங்கள், இல்லையென்றால் பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பெண் மக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது, இன்னமும் கிராமத்தில் 'அதுகளுக்குத்தான் நகை போட்டாச்சே' என்று விட்டுவிட்டுப் பத்திரம் எழுதுகிறார்கள். வில்லங்கச் சான்றிதழில் இதெல்லாம் வராது. அதில் பதிவான பத்திரங்கள்தான் வரும். வாய்மொழிப் பாகப்பிரிவினையோ, பதியாத ஒப்பந்தமோ, பதியாத உயிலோ தெரியாது. இணையத்தில் கிடைக்காத பழைய வருடங்களைப் பதிவு அலுவலகத்தில் மனு போட்டுத் தேட வேண்டும். மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அசலைக் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1892-ல் வெள்ளைக்கார அரசாங்கம் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. அதை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இதை வெறும் சட்டச் சிக்கலாகச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. அது அந்த மக்களுக்கு உரிய நிலம். மலிவாக வருகிறது என்று அதில் வீடு கட்டுவது தப்பு. என்னிடம் தெரிந்தே அப்படி ஒரு வேலை வந்தது, நான் எடுக்கவில்லை.

அப்புறம் அனுமதி. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது. 2017-ல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்துகிற வரன்முறைத் திட்டம் வந்தது. இருந்தும் புஞ்சையைத் துண்டு போட்டு, பத்திரத்தில் விவசாய நிலம் என்றே எழுதி விற்கிறது நிற்கவில்லை. பத்திரம் ஆகிவிட்டதே என்று சந்தோஷமாக இருப்பார்கள். வீட்டு வரைபட அனுமதிக்குப் போகும்போதும் வங்கிக் கடனுக்குப் போகும்போதும்தான் தெரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு நடை போய், "இந்த சர்வே எண்ணில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா" என்று கேட்டுவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியாக அளந்து பார்க்க வேண்டும். விற்கிறவரைக் கட்டணம் கட்டி மனுப் போடச் சொல்லி, அரசு நில அளவரை வரவழைத்து, பக்கத்து நிலக்காரர்களும் நிற்கும்போது அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லுங்கள். கல் கிடக்கிற இடம் வேறு, கல் இருக்க வேண்டிய இடம் வேறாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டிராக்டர் உழும்போது தட்டிவிட்ட கல்லை ஒரு குத்துமதிப்பில் நட்டு வைத்திருப்பார்கள். மூலைமட்டம் பிடித்து நூல் கட்டும்போது வீட்டின் ஒரு மூலை பக்கத்து நிலத்துக்குள் போய் நிற்கும். அளக்காத நிலத்தைப் பதியவே கூடாது என்று அரசு விதி கொண்டுவந்தால் எங்கள் வட்டாரத்தில் பாதி வழக்கு குறையும் என்பது என் எண்ணம். நில அளவர்கள் போதாது என்பார்கள். அப்படியானால் கூடுதலாக ஆள் எடுக்கட்டும். ஆயுளுக்கு ஒரு தடவை நிலம் வாங்குகிற குடும்பம் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதம் அரசுக்குக் கட்டுகிறது. அந்தப் பணத்துக்கு ஒரு அளவுச் சங்கிலி பிடித்துக் காட்டக் கூடாதா?

உங்களிடம் நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு விளம்பரம் செய்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் போட வேண்டும் என்று 2016-ம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் அந்த எண் இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 12 சென்ட். கிராமத்தில் ஐந்து, ஏழு, பத்து சென்ட் என்று துண்டாக விற்கிற நிலம் அதற்குள் வராது. ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் துண்டு நிலத்தில்தான் ஏமாறுகிறார்கள். சட்டம் கேட்காததை நீங்கள் கேட்கலாம். உங்கள் பக்கத்தில் நிலம் விற்கிறேன் என்று யார் வந்தாலும், கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண், 'அ' பதிவேட்டில் உள்ள வகைப்பாடு இந்த நாலையும் போட்டால்தான் விளம்பரம் வெளியிடுவோம் என்று நீங்கள் ஒரு விதி வையுங்கள். ஒரு வரி இடம்தான் கூடும். நேர்மையாக விற்கிறவருக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. விளம்பர வருமானம் கொஞ்சம் குறையலாம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் டீக்கடையில் உங்கள் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, 'பேப்பரிலேயே வந்திருக்கு' என்று நம்பி வாங்குகிறவர்களை நான் நேரில் பார்க்கிறேன்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். கல் சுமந்த அதே மகள்தான். கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிறாள், மருமகனும் அவளும் பனியன் கம்பெனியில் சேர்த்த பணத்தில் ஊர்ப்பக்கம் ஐந்து சென்ட் வாங்க நினைக்கிறார்கள். போன ஞாயிறு வந்த அந்தப் பதினொரு விளம்பரத்தில் ஒன்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். நான் அந்த எண்ணுக்குப் பேசி, சர்வே எண் என்ன என்று கேட்டேன். "முதல்ல வந்து இடத்தைப் பாருங்க, பத்தாயிரம் டோக்கன் போடுங்க, அப்புறம் பேப்பர் எல்லாம் தர்றோம்" என்றார்கள். வேறு ஆள் கேட்கிறார், இரண்டு நாளில் முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். போனால் போகட்டும், ஐப்பசி மழை முடியட்டும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த விளம்பரம் வருகிற ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் பக்கத்தில் வரும். சர்வே எண்ணோடு வந்தால், அவள் வேலை முடிந்து வந்து அன்றைக்கு இரவே செல்போனில் புலப்படத்தைப் பார்த்துவிடுவாள். மறுநாள் காலையில் நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவேன்.

இப்படிக்கு,
ஒரு கட்டடக் கொத்தனார்,
எட்டயபுரம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.